மூன்று காற்புள்ளி ஒன்பது

புந்தா அரேனாஸில் காற்று வலுக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
இந்தப் பருவம் எங்கள் துறை
விடைத்தாளிலும் ஒன்று கட்டியிருக்கிறது:
'முயற்சி', நூற்றுக்கு இருபது.
வருகை, குறிப்பேடு, கேட்ட சந்தேகங்கள் என்று
அதற்குள்ளும் சின்னச் சின்னக் கட்டங்கள்.

செவிலியர் இரண்டாம் ஆண்டு, மருந்தளவுக் கணக்கு.
ஏழுக்கு நான்கு வாங்கினால் தேர்ச்சி.
யாஸ்னா வாங்கியிருப்பது 3,9.
இந்த நாட்டில் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளிதான்.
கால் இருப்பதால் நடந்துவிடுகிறது.
ஏழாம் கேள்வியில் 0,5 மில்லிகிராம் டிகாக்சின்
அவள் தாளில் 5.

ஜலசந்திக்கு அக்கரையிலிருந்து வருகிறாள்.
படகு ஓடாத நாளெல்லாம் ஆப்சென்ட்.
இரவில் ஆலையில் நண்டு ஓடு உடைக்கிறாள்.
கொடுத்த ஐந்து குறிப்பேடுகளில்
மூன்றாவதைத் திறந்தால் கடல் வாடை;
ஒரே கணக்கு பதினொரு முறை,
பதினோராவது சரி.

பல்தாசார் குறிப்பேடே வாங்கவில்லை.
ஜன்னலோரம் உட்கார்ந்து கப்பல் எண்ணுவான்.
நாற்பதே நிமிடத்தில் எழுந்து போனான்: 6,8.
அவனுடைய முயற்சிக் கட்டத்தில் சுழியம் போட்டுவிட்டு
ஏதோ நியாயம் செய்த திருப்தியில்
தேநீர் போடப் போனேன்.

மறுநாள் நடைவழியில் கேட்டேன்,
எங்கே படித்தாய் இதையெல்லாம்?
"வீட்டில்தான். தம்பிக்குச் சர்க்கரை.
என் ஒன்பது வயதிலிருந்து நான்தான் ஊசி போடுகிறேன்,
அம்மாவுக்குக் கை நடுங்கும்."
போய்விட்டான்.
அவன் பின்னால் கதவைக் காற்று அறைந்தது.

ஒன்பது வயதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
சுழியத்தை அழித்தேன்.
அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்தது.

யாஸ்னாவிடம் விதியைச் சொன்னேன்:
அந்த இருபதைச் சேர்த்தால் தேறிவிடுவாய்.
நண்டு முள் கீறிய விரலால்
ஏழாம் கேள்வியைத் தொட்டாள்.
"இந்த ஆள் பிழைத்தாரா?"

அந்த ஆளுக்கு நான் பெயர்கூட வைக்கவில்லை.
எழுபது கிலோ, அவ்வளவுதான்.
அன்று முழுக்க அவர்
என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்,
சட்டைக் கையை மடித்துவிட்டபடி.

செய்தது சரியா, தெரியவில்லை.
ஏட்டில் 3,9 என்றே எழுதினேன்.
பக்கத்தில், கட்டங்களுக்கு வெளியே, பென்சிலால்:
யாஸ்னா, மறுதேர்வு, வெள்ளி மாலை நான்கு மணி.
படகு ஓடாவிட்டால் சனி.
அன்றும் ஓடாவிட்டால்
ஓடுகிற நாள்.