சூர்

வெள்ளிக்கிழமை பிறந்த பிள்ளை.
வெள்ளி என்றால் 'த'வில் பெயர் என்று
தன்லின் பள்ளிக்கூடத்துச் சயாமா டோ ந்வே
பதிவேட்டில் எழுதிவிட்டார்: தூரா.
"துணிந்தவன்னு அர்த்தம், நல்ல பேரு."
வரும் வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன்.
ச இருக்கவேண்டிய இடத்தில் த வைக்கும் ஊர் இது.
தூரா, தூரா,
சூரா.

கதிர்காமன் அன்றிரவு தட்டைத் தொடவில்லை.
"வருசா வருசம் நாம வெட்டிச் சாய்க்கிறவன் பேரையா
எம் மவனுக்கு எழுதிட்டு வந்தே?"
அப்புறம் வீட்டில் சேந்தன்தான்.
தூராவைப் பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டது.

துணிந்தவன்
பல்லிக்கு அலறுவான்.
படகுத்துறைப் பலகை ஆடினால்
என் லுங்கியைக் கொத்தாகப் பிடிப்பான்.
கரண்டு போன இரவுகளில்
"இருக்கியாம்மா?"
நான் பதில் சொன்ன பிறகும்
"இருக்கியா?"

ஐப்பசியில் கோவிலுக்கு ஒட்டடை அடிக்கப் போனேன்.
ஆர்மோனியத்துக்கு முட்டுக்கொடுத்திருந்தது
ஓர் அகராதி.
சூர்: அச்சம்.
சூர்: அச்சுறுத்தும் தெய்வம்.
இரண்டு விரல் கீழே
சூரன்: வீரன்.
ஒன்று பெற்ற பிள்ளையா மற்றது,
இல்லை எங்கெங்கிருந்தோ கப்பலேறி வந்து
ஒரே பக்கத்தில் குடிவைத்தவையா?
அதைச் சொல்லியிருக்கக்கூடிய மூலையைக்
கரையான் தின்றிருந்தது.

அந்த வருசம் சூரன் தலை தூக்குகிற மாசிலாமணி
தாய்லாந்துக்கு மீன் உரிக்கப் போய்விட்டான்.
சஷ்டியன்று சாயங்காலம் வரை ஆளில்லை.
"நான் தூக்குறேன்" என்றது
என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.
பன்னிரண்டு வயது. யாரும் அவனைக் கேட்கவில்லை.

காகிதத் தலைக்குள் போனதும் பிள்ளை காணாமல் போனான்.
கீழே தெரிந்த இரண்டு முழங்கால்கள் மட்டும்
தையல் மிஷின் ஊசியாய் அடித்துக்கொண்டன.
எதிரே வேல் தாங்கி வருவது அவன் அப்பா.
"விழுடா சூரா!" என்றது எங்கள் கூட்டம்.
வேலிக்கு வெளியே, கன்னத்தில் தனக்கா காய்ந்த
வகுப்புப் பையன்கள்
"தூரா! தூரா!" என்று விசிலடித்தார்கள்.
தலை இந்தப் பக்கம் திரும்பியது.
அந்தப் பக்கம் திரும்பியது.
விழவே மறந்துவிட்டது.
ஓங்கிய வேலோடு நின்றார் கதிர்காமன்,
கொட்டுக்காரர் இரண்டு தாளம் கூடுதலாக வாசிக்கும்வரை.

முடிந்து வெளியே வந்தபோது
கன்னமெல்லாம் பசை.
"உள்ள ஒரே இருட்டும்மா. நீ இருந்தியா?"
நான் வாய் திறக்குமுன்
அப்பா செம்பை நீட்டினார்.
"குடி" என்று ஒரு பெயரும் சொன்னார்.
முதலெழுத்தைக் கொட்டு விழுங்கிக்கொண்டது.
'ரா' மட்டும் கேட்டது எனக்கு.