அவதானித்தேன்

முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
இருபத்தொன்பது இடங்கள்.
மிச்ச ஒன்பதுக்கும் காலமை எட்டரைக்குத் தொலைபேசியை எடுப்பேன்:
"சேர், ஒரு பிள்ளை மட்டும், ஆறு மாதம் மட்டும்,
பஸ் காசு தந்தாலும் போதும்."
கடையில் கொப்பியில் எழுதிக்கொள்ளச் சொல்கிற
அதே குரல்.

கல்முனைக் கராஜ் இரண்டு கேட்டது, பொடியன்மார்.
சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்று கேட்டது,
சிங்களம் தெரிந்தால் நல்லமாம்.
பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் நாலு பேரைக் கேட்டது.
அந்த நாலை நான் சிவப்பு மையால் வட்டமிட்டேன்.

நாலில் ஒருத்தி நிலக்ஷிகா, வாகரைப் பக்கம்.
குளிரூட்டல், வளிச்சீராக்கல். வகுப்பில் ஒரே பெண்.
செப்புக் குழாயை அவள் ஒட்டினால்
எங்கே ஒட்டினாள் என்று
விரலால் தடவித்தான் பிடிக்க வேணும்.

பத்தாம் கிழமை மேற்பார்வைக்குப் போனேன்.
கிரான் தாண்டியதும் காற்று
ஸ்கூட்டியை வயல் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தது.
முகாமையாளர் குடை வைத்த பழச்சாறு தந்தார்.
"நல்ல பிள்ளை மிஸ், சொன்னதைச் செய்யும்."
நான் பதிவேட்டைத் திறந்தேன்.

திங்கள்: துவாய் மடித்தேன்.
செவ்வாய்: துவாய் மடித்தேன். 212.
புதன்: மேல்மாடி ஏசி திருத்த ஆட்கள் வந்தார்கள்.
ஏணி பிடித்தேன். கீழிருந்து அவதானித்தேன்.
வியாழன்: துவாய்.
வெள்ளி: போயா. ஆட்கள் கூட. 340.

போன வருடம் இங்கே இருந்த பொடியனின் பதிவேடு
என் அலுமாரியில் கிடக்கிறது.
'அமுக்கி பரிசோதித்தேன். வாயு நிரப்பினேன். கசிசு கண்டேன்.'
கசிவுக்குக் கசிசு.
அதற்கு முந்தின வருடத்துப் பதிவேட்டிலும்
வேறு கையெழுத்தில்
அதே கசிசு.
இரண்டின் அடியிலும் என் ஒப்பம், திகதி, முத்திரை.

"ஏன் பிள்ளை இப்படி எழுதி வைச்சிருக்காய்?"
"செய்ததை எழுதச் சொன்னீங்க மிஸ்."

படிவத்தில் இரண்டே கட்டம்:
தேர்ச்சி அடைந்தார், இன்னும் அடையவில்லை.
துவாய்க்குக் கட்டம் இல்லை.

"அவளையும் திருத்த வேலைக்கு அனுப்புங்க" என்றேன்.
"பொம்பிளைப் பிள்ளை. கூரையில ஏறி ஒண்டு நடந்தா?"
"காப்புறுதிக் கடிதம் கோவையில மூன்றாம் பக்கம், சேர்."
சிரித்தார். பழச்சாற்றைக் காட்டி
"குடியுங்க மிஸ், சூடாகுது" என்றார்.

மறுகா அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன்.
மடியில் பை. பைக்குள் பாதுகாப்புச் சப்பாத்து,
கடை அட்டை கூடக் கழற்றாமல்.
செங்கலடி மட்டும் அவளும் கதைக்கவில்லை,
நானும் கதைக்கவில்லை.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது:
இருக்கிற மூவரும் முடித்துவிட்டுப் போகலாம்,
வருகிற வருடம் பயிலுனர் தேவைப்படாது.
பணிப்பாளர் அதை அச்செடுத்து மேசையில் வைத்தார்.
"ஒரு ஆளுக்காக நாலு இடம், மிஸ்."
கணக்கு அவருடையது சரி.

இப்போது அவள் வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில்
ஒரு ஐஸ் தொழிற்சாலையில்.
கொடுப்பனவு இல்லை. உடுப்பில் மீன் மணம் போகாதாம்.
முதல் கிழமைப் பதிவேடு வந்தது.
'அமோனியா வால்வுக்குக் கிட்டப் போக வேண்டாம் என்றார்கள்.
தள்ளி நின்று அவதானித்தேன்.'
வயிற்றில் என்னவோ செய்தது.
மறுபக்கம் புரட்டினேன்:
வால்வு எத்தனை சுற்று, மானியில் எவ்வளவு,
எந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்தச் சத்தம்,
அரைப் பக்கம், பென்சிலில் ஒரு படத்தோடு.
ஒப்பமிட்டேன். இரண்டு தரம் வாசித்த பிறகு.

வருகிற வருடம் நாற்பத்தொரு பிள்ளைகள்.
இருபத்தைந்து இடங்கள்.

கசிசு என்று எழுதிய பொடியன் கட்டாரில்.
பெரிய கட்டடம், முழுக்க ஏசி என்று
அவனுடைய தாய் சந்தையில் கண்டு சொன்னார்.
"உங்கட கையெழுத்தாலதான் மிஸ்."
இரண்டு கிலோ கத்தரிக்காய் தந்தார்,
காசு வாங்கவில்லை.