மீன் இல்லாத தொட்டி

ஐம்பத்து நாலு லிட்டர் என்றால்
ஐம்பத்து நாலு கிலோ என்பது
ஊற்றி முடித்த பிறகுதான் உறைத்தது.
தையல் மேசை முனகியது.
குவளை குவளையாக மொண்டு
மறுபடி வாளிக்கு மாற்றிவிட்டு
செந்தூல் பழைய இரும்புக் கடையில்
தாங்கி ஒன்று வாங்கினேன், தொண்ணூறு வெள்ளி.
மீனுக்கு இன்னும் ஒரு காசு செலவில்லை.

கடைப் பையன் வெய் ஹோங்,
என்னைவிடப் பத்து வயது இளையவன்,
செம்பட்டைச் சாயம் போட்ட முடி.
கறுப்பு மண் தந்தான், மரவேர் தந்தான்,
செடியை நூலால் கட்டித் தந்தான்.
மீன் மட்டும் தர மறுத்துவிட்டான்.
"தண்ணீர் இன்னும் மாத்தாங் ஆகல, அக்கா."

மாத்தாங். பழுப்பது.
வாழைக்காய் பழுக்கும், கட்டி பழுக்கும்,
தண்ணீருமா?

தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போடச் சொன்னான்.
போட்டேன்.
ஒரு மாதம்,
இல்லாத மீனுக்கு
வேளை தவறாமல் சோறு.

மருத்துவமனைக் கூடத்தில் இரவெல்லாம்
யார் யாருடையதோ ரத்தத்தை
ஆட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.
வீட்டிலும் சின்னக் குழாய்,
ஐந்து துளி, ஒரு குலுக்கல்.
அம்மோனியா கிளிப்பச்சை.
இரண்டாவது குழாய் அடுத்த வாரம்
கத்தரிப்பூவாக மாறியபோது
பதினோராவது மாடியில் தனியாக நின்று
கைதட்டினேன்.
கண்ணுக்குத் தெரியாத எதுவோ
சாப்பிட ஆரம்பித்திருந்தது.

விளக்குக்கு நேரக்கருவி வைத்திருக்கிறேன்.
மாலை மூன்றுக்கு என் தொட்டியில் விடியும்,
நான் எழும் நேரம்.
ஒன்பதுக்கு இருட்டும்,
நான் கிளம்பும் நேரம்.
வெளியே இருக்கும் சூரியனோடு
எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த நாட்டு ஓடைகளில்
யாரும் கேட்காமலே வளருமாம் கிரிப்டோ.
என்னிடம் வந்த நாலாம் நாள்
இலை இலையாகக் கூழாகியது.
பிடுங்கி எறியத்தான் கையை விட்டேன்.
வேர் பதிலுக்கு இழுத்தது.
சரி, இரு என்றேன்.

நாலாவது வாரம் குழாய் வறண்டது.
மேலே ஆற்றில் எவனோ எதையோ கொட்டிவிட்டானாம்,
ஐந்து நாள் தடை.
லோரிக்கு முன்னால் வரிசை,
இரண்டு மின்தூக்கியில் ஒன்று எப்போதும்போல் பழுது.
எதிர்வீட்டு காக் ரோஹாயா
என் வாளிகளை எண்ணினார்:
சமையலுக்கு ஒன்று, குளிக்க ஒன்று,
மூன்றாவது?
கதவைத் திறந்து காட்டினேன்.
குனிந்து, மூக்கு கண்ணாடியில் ஒட்டப்
பார்த்தார், ரொம்ப நேரம்.
"மீன் எங்கே?"
இனிமேல்தான் என்றேன்.
சிரிப்பை அடக்கத்தான் முயன்றார், பாவம்.

மூன்றாம் நாள் இரவு வாளியோடு வந்தார்.
தொட்டியிலிருந்து இறக்கிய பழைய நீர்
அவர் கழிப்பறைக்குப் போனது.
மிச்சம் பால்கனிப் பண்டான் செடிக்கு.
அதன்பின் வாரம் தவறாமல் கேட்கிறார்:
உன் அழுக்குத் தண்ணீர் எப்போது?

முதலில் குடியேறியது நத்தை.
முன்பணம் இல்லை, ஒப்பந்தம் இல்லை,
செடியின் அடியில் ஒளிந்து வந்து
கண்ணாடியில் தன் பாட்டுக்குக்
கோடு கிழித்துக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்த அன்று
கிரிப்டோவில் ஒரு தளிர்,
நகத்தைவிடச் சின்னது, பழுப்பு.

ஏழாவது வாரம்
அம்மோனியா மஞ்சள், மற்றது வெளிர்நீலம்.
படமெடுத்து அனுப்பினேன்.
வெய் ஹோங் ஒரே சொல் எழுதினான்: வாங்க.

ஆறு ராஸ்போரா.
பையோடு மிதக்கவிட்டு
அரைமணி நேரம், கொஞ்சம் கொஞ்சமாக
இந்த நீரை அந்த நீருக்குப் பழக்கி
அவிழ்த்தேன்.
ஒன்றுகூட நிற்கவில்லை.
மரவேருக்குப் பின்னால் போய்விட்டன.

எண்ணினேன், நாலு.
தீனி போட்டேன். வரவில்லை.
மூன்று. ஐந்து.
பாலாடைபோல் ஒரு வயிறு மின்னி
ஆறு என்பதற்குள்
திரும்பியது.

ஒன்பது அடித்து விளக்கு அணைந்தது.
பணி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
இருட்டில் நிற்கிறேன்,
மறுபடி
ஒன்றிலிருந்து.