துளி காயும் நேரம்

மாங்குளம் செட்டில்
பவுசர் பெற்றோல் இறக்கிக்கொண்டு நின்றால்
நான் அடிக்கமாட்டேன்.
நிலத்தடித் தாங்கியில் உறங்கிக் கிடந்த மண்டி
அப்போதுதான் எழும்பி மிதக்கும்.
காரை ஓரங்கட்டிவிட்டு ஒரு பிளேன்ரீ குடிப்பேன்.
ஹயருக்கு வந்தவர் மணிக்கூட்டைப் பார்ப்பார்.
பார்க்கட்டும்.

என்னுடையது நிசான் சன்னி.
மூன்று கை மாறியது.
பெயரை வைத்தே பகிடி பண்ணுவார்கள்:
"சன்னி கண்டதோ கோமளா, ஏன் உப்பிடி நடுங்குது?"
ஒருநாள் உண்மையாகவே கண்டது.
கொக்காவில் கழிந்ததும் இருமத் தொடங்கி
முறிகண்டியில் மூச்சடைத்தது.
இறங்கித் தேங்காய் உடைத்தேன்.
பிள்ளையார் வழியைப் பார்ப்பார்,
வால்வைப் பார்ப்பதில்லை.

றெக்ஸன் தன் கராச்சில் ஹெட்டைக் கழற்றி
வால்வு ஒன்றை என் உள்ளங்கையில் போட்டான்.
அடிப்பிடித்த சோற்றுப்பானை மாதிரி இருந்தது.
சுரண்டினேன்.
நகம்தான் கறுத்தது.
"என்ன குடுத்தனீங்கள் இதுக்கு?"
வயிற்றாலடி என்று பிள்ளையைத் தூக்கிப் போனவளிடம்
டாக்குத்தர் கேட்கும் தொனி.
"செட்டில அடிச்சதுதான்" என்றேன்.
மறுபேச்சில்லை.
காபரேற்றர் கிண்ணத்தை மூக்கடியில் நீட்டினான்.

மண்ணெண்ணெய்.
குப்பிவிளக்கில் படித்துச் சோதனை எழுதியவள்
அந்த மணத்துக்கு முன்னால் பொய் சொல்ல ஏலாது.

அவனுக்குச் சொல்லாமல் விட்டது இது:
மூன்று நாள் வரிசையில் நின்றும் கிடைக்காத அந்த ஆடியில்
ஒலுமடுவில் ஒரு பிள்ளைத்தாச்சிக்கு நோக்காடு.
இரவு பன்னிரண்டரை.
தாங்கியில் வாசம் மட்டும்.
சுபாகரன், என் தங்கையின் புருஷன்,
கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து
ஐந்து சோடாப் போத்தல் கொண்டுவந்தான்.
அவன் காசு கேட்கவில்லை.
என்ன கலந்தாய் என்று நானும் கேட்கவில்லை.
புனல் தேட நேரமில்லை,
வாழையிலையைச் சுருட்டி ஊற்றினோம்.
பின்னால் வெள்ளைப் புகை இழுபட
கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாசல் மட்டும்
சன்னி ஒருதரமும் நிற்கவில்லை.
பெண்பிள்ளை. இப்போது
தத்தக்கா பித்தக்கா என்று கோழி கலைக்கிறாள்.

அந்த ஐந்து போத்தலுக்கு நான் வருந்தவில்லை.
செட் திறந்து, வரிசை கலைந்த பிறகும்
லீற்றருக்கு நாற்பது ரூபாய் மிச்சமென்று
திரும்பத் திரும்பக் கோழிக்கூட்டடிக்குப் போனேனே,
அந்த நாற்பதுகள்தான்
என் கையில் கறுப்பாய்க் கிடந்தன.

தடைக் காலத்தில் கார் ஓடின கதையைச்
சந்திக்குச் சந்தி சொல்லுகிற ஆண்கள் உண்டு.
சேலைன் குழாயால் சொட்டுச் சொட்டாய்ப் பெற்றோல்,
மிச்சமெல்லாம் மண்ணெண்ணெய்,
அந்தமாதிரி ஓட்டம்.
கேட்க நல்லாய்த்தான் இருக்கும்.
ஒருவரும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தவரில்லை.

"தொண்ணூற்றைஞ்சு அடிச்சா உள்ளுக்குத் துப்பரவாகுமோ?"
கேட்டேன்.
றெக்ஸன் சிரித்தான்.
"உங்கட எஞ்சினுக்குத் தொண்ணூற்றிரண்டு காணும்.
கலப்பில்லாத தொண்ணூற்றிரண்டு.
விலை கூடினதெல்லாம் மருந்தில்லை அக்கா."

இப்போது டாஷ்போட்டில்
மகளின் கொப்பியிலிருந்து கிழித்த வெள்ளை ஒற்றைகள்.
"ஒரு துளி இதில விடு தம்பி."
"எங்களை நம்பேல்லையோ?"
"உன்னை நம்புறன். பவுசர் எங்கெங்க நிண்டு வந்ததோ."
துளி விரிந்தது.
விளிம்பிலிருந்து சுருங்கியது.
ஒரு கொட்டாவி விடும் நேரம்.
பிறகு தாள் வெறும் தாள்:
வட்டம் இல்லை, எண்ணெய்ப் பளபளப்பு இல்லை.
"சரி, அடி."

போன சனிக்கிழமை
சுபாகரன் வவுனியாவுக்கு ஹயர் கேட்டு வந்தான்.
கையில் சோடாப் போத்தல் இரண்டு.
"காசில கழிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
டாஷ்போட்டைத் திறந்து ஒரு ஒற்றையை எடுத்தேன்.
அவன் தாளைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான்.
"விடுங்கோ, காசாவே தாறன்."

போத்தல்களைக் காலடியில் இடுக்கிக்கொண்டு
முன்சீற்றில் ஏறினான்.
மூடி ஒன்று சரியில்லை.
ஓமந்தை தாண்டும் வரைக்கும் மணந்தது.
நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.