இரவு மூன்று மணிப் பால்

பதினான்கு நாள் சுரங்கம், பதினான்கு நாள் வீடு.
மிச்சித்மாவின் மாதத்தை
யாரோ கோடாலியால் இரண்டாகப் பிளந்திருக்கிறார்கள்.

பேருந்து நிற்கும் மண்சாலை வரைக்கும்
தெமுலென் கிண்ணத்தைத் தானே சுமப்பான்.
ஐந்து வயது. கையுறைக்குள் விரல் நிற்காது.
பயணம் போகிறவர் பின்னால் பால் தெளிப்பது
எங்கள் ஊரில் தாயின் வேலை.
இங்கே போகிறவளே தாய்,
ஆகவே அவன் தெளிக்கிறான்:
பாதி சக்கரத் தடத்தில்,
பாதி என் பூட்ஸில்.
உலான்பத்தார்க் குளிரில்
தொட்ட இடத்திலேயே அது உறைந்துபோகிறது.

அவள் ஓட்டும் லாரியின் டயர்
எங்கள் கம்பளிக் கூடாரத்தைவிட உயரம்.
இருக்கைக்குப் போக ஏணி.
செம்புக் கல்லோடு மேலே,
வெறும் வண்டியாய்க் கீழே,
பன்னிரண்டு மணி நேரம்
பூமிக்குள் திருகிப்போகும் ஒரே பாதை.

ஹாலியுனுக்கு ஒன்பது மாதம்.
வங்கிக் கடனுக்கு அவளைவிட வயது அதிகம்.

இரவு மூன்றுக்குக் குழந்தை இங்கே வீறிடும்.
அதே மூன்றுக்கு, கோபியின் தெற்கு விளிம்பில்,
அவள் லாரியை ஓரம் கட்டி
ரேடியோவில் சொல்வாள்: "பத்து நிமிடம்."
எதற்கென்று ஒருத்தன் ஒருமுறை கேட்டான்.
"உன்னைப் பெற்றவளிடம் கேள்" என்றாளாம்.
அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

பம்பு, புட்டி, நூற்றியிருபது மில்லி.
முதல் வாரம் முகாமின் குளிர்பெட்டியில்
பெயர் ஒட்டிச் சேர்த்து வைத்தாள்.
யாரோ எடுத்துத் தேநீரில் ஊற்றிவிட்டான்.
உப்புத் தேநீர் அன்று இனித்ததாம்.
போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
பிறகு வெகுநேரம்
எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் கதவைத் திறந்து
மண்ணில் கொட்டிவிடுகிறாள்.
முதல் துளியை மட்டும் மோதிரவிரலால்
வானத்துக்குச் சுண்டுகிறாள், பழக்கம்.
மீதி யாருக்கும் இல்லை.

நான் இந்த வீட்டின் மற்ற பதினான்கு.
கரி, சாம்பல், மலத்துணி,
நீர்க் கடையிலிருந்து நாற்பது லிட்டர்
பனிச்சரிவில் இழுத்து வருவது.
வரிசையில் நிற்பவர்கள் வழிவிடுகிறார்கள்.
"எப்பேர்ப்பட்ட அப்பா!" என்கிறாள் டோக்கன் கொடுப்பவள்.
இதே வரிசையில், இதே கேனோடு,
மேலங்கிக்குள் தெமுலெனைக் கட்டிக்கொண்டு
மூன்று குளிர்காலம் நின்றவளை
ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.
நானும்தான்.
நான் அப்போது உள்ளே அடுப்போரம்
டிவியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வந்தாள்.
கை நீட்டினாள். ஹாலியுன்
என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் கை கழுவிவிட்டு
அடுப்புக்குக் கரி போடப் போய்விட்டாள்.
தெமுலெனின் கிழிந்த கையுறையைத் தைத்தாள்.
ஊசிக்கு நூல் கோக்க
நான்கு தடவை எச்சில் தொட்டாள்.

மூன்று மணிக்குக் குழந்தை அழுதது.
எழுந்தேன். தொட்டிலில் யாரும் இல்லை.
அடுப்பின் செந்நிறத்தில் அவள் தரையில் சம்மணமிட்டு
மகளின் உச்சியை முகர்ந்துகொண்டிருந்தாள்.
முத்தம் எங்களுக்குப் பழக்கமில்லை.
மூச்சால்தான் குழந்தையை அறிவது வழக்கம்.

"இவள்மேல் உன் வாசம்தான் அடிக்கிறது" என்றாள்.
குற்றமா, நன்றியா, தெரியவில்லை.
அவள்மேல் டீசல் வாசம்.
ஹாலியுன் அந்த டீசலை
மூக்கால் தட்டித் தட்டித் தேடி,
தயங்கி,
ஒருமுறை விலகி,
பிறகு பற்றிக்கொண்டாள்.

நான் நகர்ந்து உட்கார இடம் கேட்டேன்.
கண்ணைத் திறக்காமலே,
சுரங்கத்துக்கே சொல்கிற குரலில் சொன்னாள்:
"பத்து நிமிடம்."