செம்பில் தண்ணீர்

கிண்டி வளாகம், கீழ்த்தளம்.
திரவ நைட்ரஜன் கேனை உருட்டி வந்து
கையெழுத்துக்கு நிற்கிறார் ஏகாம்பரம்.
"இன்னிக்கும் ராத்திரியா மேடம்?"
இன்னிக்கும் ராத்திரிதான்.

நைலான் வளையத்தில் ஒரு படிகம்.
கடுகில் பத்தில் ஒரு பங்கு,
ஆவின் பாக்கெட்டின் ஓரத்து நீலம்.
கூவத்துச் சேற்றில் பிழைக்கும் ஒரு பாக்டீரியாவின் புரதம்.
நீலம், அதற்குள் மடங்கிக் கிடக்கும்
செம்பினுடையது.

நான்கு வருடத்துக்கு முன்
இதே மேசையில் இதன் உருவத்தைக் கண்டுபிடித்தேன்.
மெட்ரோ வாட்டர் லாரிக்குக்
குடத்தை வரிசையில் வைத்துவிட்டு
லேபுக்கு ஓடிவந்த கோடை.
இரவெல்லாம் எக்ஸ்ரே. அறுநூறு பிம்பங்கள்.
காலையில் கணினி சொன்னது:
செம்பில் தண்ணீர் இல்லை.
சிரித்தேன். எழுதினேன். அச்சானது.
பதினேழு பேர் மேற்கோள் காட்டினார்கள்.

பெனாசிர் போன ஆடியில் சேர்ந்தவள்.
அதிகம் கேட்கமாட்டாள், பார்ப்பாள்.
ஒரு நாள் ஓட்டம் முடிந்து
வளையத்தைக் கழற்றப் போனேன்.
"ஒரு நிமிஷம்" என்று கேமராவைத் திருகினாள்.
"மேடம், இது வெளுத்திருக்கே."

வெளுத்துத்தான் இருந்தது.
கதிர் பட்ட இடம் மட்டும்,
பலமுறை துவைத்த காலரைப் போல.
எத்தனை வருடம்
திரும்பிப் பாராமல் கழற்றி எறிந்திருக்கிறேன்.

நாணம் என்று எழுதத் தோன்றும்.
தொட்டாற்சிணுங்கி என்று தோன்றும்.
அதெல்லாம் இல்லை.
இது அடி.
கதிர் மோத எலக்ட்ரான்கள் தெறிக்கின்றன,
ஒன்று செம்பில் போய் உட்காருகிறது.
மைனஸ் நூற்று எழுபத்து மூன்று டிகிரி
அணுக்களைக் கட்டிப்போடும்,
எலக்ட்ரானிடம் அதன் பாச்சா பலிக்காது.
எலக்ட்ரான் கிடைத்த செம்பு
பிடித்திருந்த தண்ணீரைக் கைவிடுகிறது.

படிகம் உடையாது.
புள்ளிகள் கூர்மையாகவே விழும்.
எண்கள் எல்லாம் அழகாக வரும்.
அதுதான் இதில் மோசம்.

என் கோட்டில் ஒரு பேட்ஜ் உண்டு.
மூன்று மாதத்துக்கொரு முறை அளக்கப் போய்
பூஜ்யம் என்று திரும்பி வரும்.
படிகத்துக்கு யாரும் பேட்ஜ் குத்தவில்லை.

ஐப்பசி. வேளச்சேரியில் முழங்கால் வெள்ளம்.
பெனாசிர் செருப்பைக் கையில் பிடித்து வந்தாள்.
நாற்பத்து மூன்று படிகங்கள்.
ஒவ்வொன்றையும் இரண்டே டிகிரி திருப்பி,
நீலம் போவதற்குள் விட்டுவிட்டோம்.
துண்டு துண்டாய் வாங்கிய வாக்குமூலங்களை
அவள் உட்கார்ந்து ஒட்டினாள்.
விடியற்காலை நாலரைக்கு
செம்பின் பக்கத்தில்
எலுமிச்சை விதை மாதிரி ஓர் அடர்த்தி.
தண்ணீர்.
நிறைய இல்லை.
முக்கால் செம்பு.

திருத்தக் கடிதத்தின் முதல் வரி
இன்னும் வரவில்லை.
"கதிரின் பாதிப்பால்" என்று தொடங்கினேன்.
கதிரைத் திறந்துவிட்டது யார்?
அடித்தேன்.

பக்கத்து மேசையில் பெனாசிர்
கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கிறாள்.
கீழே கதிரின் அளவு, மேலே தண்ணீர்.
புள்ளிகள் இடப்பக்கமாய் ஏறிக்கொண்டே போய்
அச்சைத் தொடுமுன் நின்றுவிடுகின்றன.
அங்கே, பூஜ்யத்தில், யாரும் அளந்ததில்லை.
அளக்கப் போனால் அது பூஜ்யமில்லை.
ஸ்கேலை வைத்துப் பென்சிலால்
கோட்டை நீட்டுகிறாள்,
கடைசி அரை சென்டிமீட்டரை மட்டும்
விட்டு விட்டு.