மூன்று செக்கன் பொறு

கொழும்பிலிருந்து வந்த அந்த மென்பொருளுக்கு
உள்ளே போக ஒரு வழிதான்: திரை.
கட்டளை ஏறாது.
பட்டியலைக் கோப்பாக நீட்டினால் வாங்காது.
டாப் விசையை அடித்தால்
பெயரிலிருந்து நேரே குளத்துக்குப் பாய்ந்து
அடையாள அட்டை இலக்கத்தை மறந்துவிடும்.
சாம்பல் சாளரம், ஒன்பது கட்டம்,
ஒரு கமக்காரருக்குப் பதினான்கு சொடுக்கு.

ஒட்டுசுட்டான் கமநல நிலையத்தில்
ஆயிரத்து இருநூற்று அறுபத்து மூன்று பேர்.
வெள்ளி நாலு மணிக்கு முடிக்கவேண்டும்,
காலபோக உரம் அதற்குப் பிறகுதான் லொறி ஏறும்.
பெருக்கிப் பார்த்தேன்.
பதினேழாயிரத்துச் சொச்சம்.
கணக்கைக் கேட்டதுமே
வலது மணிக்கட்டு நோகத் தொடங்கிற்று.

செவ்வாய் பின்னேரம், கந்தோர் வெறித்த பிறகு
இன்னொரு நிரலைக் கொண்டுவந்து இருத்தினேன்.
அதற்கு எழுத்தே தெரியாது.
இடமிருந்து நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி,
மேலிருந்து அறுநூற்று எண்பத்தெட்டு,
அங்கே குத்து என்றால் குத்தும்.
அதுதான் ‘சேமி’ என்று அதற்கு யார் சொன்னது?
கண்ணைக் கட்டி ஒருவரை
வரம்பில் நடத்துவதுபோல
எட்டு வைத்துக் காட்டினேன்:
பெயர். மூன்று செக்கன் பொறு.
குளம். மூன்று செக்கன் பொறு.
ஏக்கர். பொறு. சேமி. பொறு.

முதல் பத்துப் பேருக்குப் பக்கத்தில் நின்றேன்.
அம்புக்குறி தானே போய்த் தானே குத்தியது.
பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைப்பான்.
காவலாளி அருள்ஞானம் எட்டிப் பார்த்து
“ஆர் பிள்ளை உள்ளுக்கை?” என்றார்.
‘தொடவேண்டாம்’ என்று எழுதித்
திரையில் ஒட்டிவிட்டு ஓடினேன்.
சாளரம் ஒரு விரற்கடை நகர்ந்தாலும்
அது வேறு ஊர்.

பஸ் நெடுங்கேணி தாண்டுமுன்னமே
நாற்பத்தோராவது ஆளில்
ஒரு பெட்டி முளைத்திருக்கிறது.
“இவர் ஏற்கெனவே பதிவில் உள்ளார்.
இன்னொரு காணி சேர்க்கவா?”
பொறுக்கச் சொன்ன மூன்று செக்கன் பொறுத்து
நிரல் தன் பாட்டில் குத்தியது.
குத்திய இடத்தில் ‘ஆம்’ இருந்தது.
பெயர்க் கட்டம் அதோடு பூட்டுப்பட்டது.
பிறகு வந்த எல்லா ஏக்கரும்
விடிய விடிய ஒரே ஆளின் தலையில்.

புதன் காலை,
முத்தையன்கட்டு இடதுகரை, வலதுகரை,
என் மாமாவின் முக்கால் ஏக்கர் உட்பட
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ஏக்கர்
தம்பாப்பிள்ளை தருமகுலராசாவுக்கு.

பத்து மணிக்கு ஆளே வந்து நின்றார்,
சைக்கிள் கரியரில் வெறும் உரப்பையோடு.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
இருமல் வரும்வரை சிரித்தார்.
“ரெண்டு தரம் பதிஞ்சது நான்தான், பிள்ளை.
ஒண்டு செய்யிற காணி.
மற்றது வன இலாகா கல்லுப் போட்ட காணி.
அதை எழுத உங்கடை தாளிலை கட்டமில்லை.
அதாலை திரும்ப எழுதினன்.”

அழிக்கப் போனேன்.
“அவசரமோ? பின்னேரம் மட்டும் கிடக்கட்டுமன்.”
அச்சடித்துத் தரச்சொன்னார்.
‘அச்சிடு’ நான் நிரலுக்குக் காட்டாத மூலையில் இருந்தது,
கையால்தான் குத்தினேன்.
நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்றிரவு நிரலுக்குக் கொஞ்சம் பார்வை கொடுத்தேன்.
குத்துமுன் அந்தப் புள்ளியின் நிறத்தைப் பார்,
பச்சை என்றால் குத்து,
வேறேதும் என்றால் தள்ளி வை,
கடைசியில் என்னிடம் கொண்டுவா.

இப்போது வியாழன், ஏழே கால்.
எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள்.
நாற்பத்தோராம் இலக்கம் மட்டும் வெளியே.
பெட்டி கேட்டபடி நிற்கிறது.
ஆம் எங்கே, இல்லை எங்கே,
இரண்டுக்கும் எனக்குப் புள்ளி தெரியும்.
அருள்ஞானம் வாசலில் நின்று
லைற்றை நூர்க்கட்டோ என்கிறார்.
ஒரு மூன்று செக்கன் பொறுங்கோ, அண்ணை.